ஒய்பிக்காக மூடி வைத்த திரை

சட்டமன்ற உறுப்பினர் வரும்வரை கருவறைத் திரையை விலக்கக் கூடாது என்று குருக்களிடம் சொன்னவன் நான்தான். ஜார்ஜ் டவுனில் எங்கள் கோயிலுக்கு அப்போது நான் செயலாளர். மலாய் வழக்கில் ‘ஒய்பி’, அதாவது மாண்புமிகு, என்று நாங்கள் அழைக்கும் அவர் சொன்னால்தான் அரசு மானியம் கிடைக்கும்.

அன்று திருவிழா. ஜுருவிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் கெஞ்சினாள்.

“அண்ணே, மகனுக்கு இன்னிக்கு ஆபரேஷன். சாமிய ஒரு தடவ பாத்துட்டு ஓடிருவேன்.”

“கொஞ்சம் பொறும்மா. ஒய்பி வந்துகிட்டு இருக்காரு.”

“அவருக்குமா ஆபரேஷன்?”

மூடிய திரையைக் கும்பிட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பிறகு ஒய்பி வந்தார், மாலை வாங்கினார், ஓட்டுக் கேட்டார். தீபாராதனையின்போது கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். சாமியையும் தங்கள் கட்சி ஆளாக்கிக்கொள்ளும் இவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. படித்த நான் அவர்களுக்கு வாசல் காத்தேன்.

அடுத்த ஆண்டு அவருக்காகக் காத்திராமல் திரையை விலக்கச் சொன்னேன். மானியம் நின்றது. நிர்வாகக் குழு என்னை நீக்கியது. பிறகு அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மகன் நன்றாக இருந்தான்.

“கோயிலுக்கு வாம்மா,” என்றேன்.

“இப்ப யாரு செகரட்டரி?”

“ஒய்பியோட மச்சான்.”

“அப்புறம் எதுக்குண்ணே கூப்புடுறீங்க?”