யன்னலால் எண்ணிய பதினான்கு பேர்

கறக்... கறக்... கறக்...

சப்பாத்துக்குக் கீழே கொழுவிய இரும்புப் பல் ஐஸைக் கடிக்கிற சத்தம். சனிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு நான் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் பார்த்து அந்தச் சத்தம் என் குசினி யன்னலுக்குக் கீழே வரும்.

வித்யாவும் அவளுடைய ஆட்களும்.

அவளுடைய ஆட்களாம்! அந்த நடைக்குழுவைத் தொடங்கியதே நான். கார்ட்டியர்விலில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பாதை போகிறது. அதால் போனால் ஐந்து நிமிடத்தில் ஆற்றங்கரைப் பார்க். இல்லையென்றால் லொறி ஓடுகிற பெரிய ரோட்டால் சுற்ற வேண்டும். சீனி வியாதிக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்ன நாலு பெண்களைக் கோயிலில் பிடித்து, அந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போனேன். நாலு பேர் பத்துப் பேரானார்கள்.

கொப்பியும் நான்தான் வைத்திருந்தேன். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, கீழே திகதி, அதற்குக் கீழே வந்தவர்களின் பேர். மூன்று வருடம் ஒரு சனி தவறவில்லை. அதனால் எனக்குக் "கொப்பியக்கா" என்று பட்டம்.

டிசம்பர் பிறந்தால் மட்டும் பனி கரையும்வரை குழுவுக்கு லீவு. "ஸ்னோவில விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்பது என் சட்டம்.

அந்தச் சட்டத்தை உடைக்க வந்தவள்தான் வித்யா. சென்னைக்காரி. வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, எல்லாருக்கும் இரும்புப் பல் வாங்குவித்து, பிளாஸ்கில் சுக்குக் காப்பியும் கொண்டு, டிசம்பரில் நடக்கத் தொடங்கிவிட்டாள். பிரெஞ்சும் அருவி மாதிரிக் கொட்டும். என் பிரெஞ்சு பொன்ஜூரோடு தொடங்கி மெர்சியோடு முடிந்துவிடும்.

"அக்கா, நீங்களும் வாங்க. நீங்க இல்லாம நல்லாவே இல்ல" என்று என்னையும் கூப்பிட்டாள். முழங்கால் நோகிறது என்றேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

யன்னல் சீலையை விலக்கி எண்ணினேன். முதல் சனி ஆறு பேர். பிறகு ஒன்பது. தை பிறக்கப் பதினான்கு. என் காலத்தில் பத்தைத் தாண்டியதில்லை! ஆர் எந்த நிற ஜக்கெட் என்றுகூட இன்றைக்கும் சொல்லுவேன். திருகோணமலைச் செல்வியக்கா ஒருநாள் கீழே நின்று கத்தினா:

"என்ன பிள்ளை, யன்னலால எட்டிப் பாத்தா சீனி இறங்குமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். வித்யா மட்டும் சிரிக்காமல் கை காட்டினாள். அது இன்னும் எரிந்தது.

பழக்கதோஷம்... ஒவ்வொரு சனியும் கொப்பியைத் திறந்தேன். சுழி போட்டேன். திகதி எழுதினேன். பேர் எழுத மட்டும் கை வரவில்லை. சுழி போட்ட கொப்பியில் பொய் எழுதக் கூடாது. எழுதாமல் விட்டால் பொய்யில்லைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பனி கரைந்ததும் பக்கத்துக் கட்டடத்தை வாங்கிய புது ஆள் பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டான். பாதை விழுகிற நிலம் தன்னுடையதாம்.

முறையிட நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். பிரெஞ்சில் பேசியது வித்யா. ஆட்கள் பாதையைப் பாவித்ததற்குச் சாட்சியாகச் சபைக்கார அம்மா முன்னால் அவள் என்னிடம் வாங்கி வைத்தது என் கொப்பி. "இந்த அக்கா எழுதினது" என்று என்னைக் காட்டினாள். எனக்கு ஓரடி உயர்ந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினா. டிசம்பரில் நின்றா. திகதி இருக்கிறது, பேர் ஒன்றும் இல்லை. அடுத்த பக்கமும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஒருவரும் வரவில்லையா என்று கேட்டா.

வித்யா என்னைப் பார்த்தாள். "அக்கா... நாங்க வந்தோமே? எழுதலையா?"

"நான் வரேல்லைத்தானே. வராத ஆள் என்னெண்டு எழுதுறது?"

"நாங்கள் நடந்தனாங்கள்!" என்று செல்வியக்கா எழும்பித் தமிழில் முழங்கினா. வித்யா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மா மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் கொப்பியைத்தான் திரும்பப் பார்த்தா.

நான் பார்த்தனான், பதினாலு பேர். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு எழும்பவில்லை.

முடிவு வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் முடியும்வரை பாதை திறந்திருக்கும், நகரசபையே பராமரிக்கும். குளிர்காலத்தில் ஆட்கள் போவதாகத் தெரியாததால் ஸ்னோ அள்ள மாட்டார்கள். சங்கிலி இருந்த இடத்தில் கேற் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வித்யா பக்கத்தில் வந்து இருந்தாள். "விடுங்கக்கா. உங்க நோட்டு இல்லன்னா இந்த எட்டு மாசம்கூட கிடைச்சிருக்காது."

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் இவ்வளவு காலம் நெஞ்சில் நின்றிருக்காது.

அவள் ஒட்டாவாவுக்குப் போய் இப்போது சில வருடம். அங்கேயும் ஒரு நடைக்குழு. போன கிழமை ஸ்னோவில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று போட்டிருந்தாள். எண்ணினேன். இருபத்திரண்டு. லைக் போடவில்லை.

இங்கே இப்போது குளிர்காலத்திலும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். இரும்புப் பல், சுக்குக் காப்பி எல்லாம் உண்டு. லொறி தெறிக்கிற சேறு ஜக்கெட்டில் பட, பெரிய ரோட்டால் சுற்றித்தான் போகிறோம். செல்வியக்கா அந்தக் கேற்றைக் கடக்கும்போதெல்லாம் "வித்யா இருந்திருந்தா..." என்று தொடங்குவா. நான் நடையைக் கூட்டுவேன்.

குளிர்காலமும் திறக்கச் சொல்லிப் போன மாதம் திரும்ப மனுக் கொடுத்தோம். இந்தப் பாதையை ஆட்கள் குளிர்காலத்தில் பாவித்ததற்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பதில் வந்திருக்கிறது.

பூட்டின பாதையில் எவர் நடப்பார்? என் கொப்பிகளில் உள்ள குளிர்காலமெல்லாம் பெரிய ரோட்டால் சுற்றின கணக்கு.

அந்தப் பாதையால் நடந்த ஒரேயொரு குளிர்காலம் பழைய கொப்பியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன்.

சுழி இருக்கிறது. திகதி இருக்கிறது.