ஓடு கொடுத்தவளின் முறை

என் அக்கா அனுப்பும் பையைத் திறந்தால் ஆய்வகமே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நண்டு ஓடு. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவில் கழுவி, காயவைத்து, கட்டி, சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். "நாத்தம் புடிச்ச இதுக்கு ஏசி ரூமாடி?" என்று போனில் சிரிப்பாள்.

அந்த ஓட்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத துகளாக்கி, உள்ளே புற்றுநோய் மருந்தையும் ஒளிர்கிற சாயத்தையும் அடைப்பது எங்கள் வேலை. துகள் கட்டியைத் தேடிப்போய் அங்கேயே மருந்தை இறக்க வேண்டும். எங்கே போய்ச் சேர்ந்தது என்று சாயம் காட்டிக்கொடுக்கும். இப்போதைக்கு எலிகளில்தான் சோதனை.

அப்புறம் அக்காவுக்கே மார்பில் கட்டி வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை. அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று மாமா போனில் அழுதார். விழுந்தடித்துக்கொண்டு ஊருக்கு ஓடினேன்.

அவளோ தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாவகாசமாக மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"இன்னாக்கா, செத்துப்போலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"கம்னு இரு. உன் மருந்து வரட்டும். ஓடு குடுத்தது நானு. மொத முறை எனக்குத்தானே?"

கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது. அவளைக் குறை சொல்லி என்ன? எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். யார், எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. பொறுத்திருந்தால் உன் முறை கட்டாயம் வரும், நடுவில் எவனும் புகுந்து பிடுங்க முடியாது. அந்த நம்பிக்கையில் சோறு தின்று வளர்ந்தவள். போதாததற்கு, எலியின் உடம்பில் கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிர்கிற படத்தை என் போனில் வேறு பார்த்திருக்கிறாள்.

"இது பாடு இல்லக்கா. எலிக்கு ஒத்துக்கிட்டது மனுசனுக்கு ஒத்துக்காமப் போவலாம். இன்னும் எத்தினியோ சோதனை கீது, வருசக்கணக்கா ஆவும். உன் கட்டி அதுவரிக்கும் காத்துனு இருக்காது."

"அப்போ எனக்கு வராதா?"

"வராதுக்கா."

மீனை அப்படியே விட்டுவிட்டாள். "அந்தப் படத்துல எவ்ளோ அழகா எரிஞ்சுதுடி," என்றாள். செதிலும் கையுமாக இருந்தவளை அப்படியே கட்டிக்கொண்டேன். எலும்புதான் தட்டுப்பட்டது. ஐயோ, என் அக்கா எவ்வளவு கனமாக இருந்த மனுஷி!

"நான் கூடவே வர்றேன். வாய்ப்புண்ணு, வாந்தி எல்லாத்தயும் டாக்டராண்ட சொல்லலாம். அதுக்கெல்லாம் மருந்து கீதுக்கா. நீ பல்லக் கடிச்சினு கிடக்க வாணாம்."

மீன் சட்டியை மூடி ஓரமாக நகர்த்தினாள். பிறகு கேட்டாள்: "என் பொண்ணுக்காவது வருமாடி?"

அவள் மகள் அப்போது பழவேற்காட்டில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசினால், எதிரில் இருப்பது எப்பேர்ப்பட்ட ஆளானாலும் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்கிறவள் நான்.

"வரும்க்கா," என்றேன்.

"அப்போ வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்," என்று கை கழுவ எழுந்தாள்.