மாத்திரையை எறியச் சொன்ன மேடை

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை போட்டால் வராது. அப்படித்தான் அவள் பள்ளி முடித்து, தையல் கற்று, ரெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை. அம்மா தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. நான் பள்ளிக் காலத்திலேயே அங்கே போவதை விட்டுவிட்டேன். கடவுள் இருந்தால் இவளுக்கு எதற்கு வலிப்பு என்று கேட்டேன். அப்படிக் கேட்கக்கூடாது என்றார்களே தவிர, பதில் யாரும் சொல்லவில்லை.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, அரியலூரில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஊழியக்காரர் ஒருவர் தங்கையை மேடைக்கு அழைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார். இனி மாத்திரை போடுவது அவிசுவாசம் என்றார். அம்மா பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து மேடையிலேயே எறிந்தார். கூட்டம் கை தட்டியது. எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் சண்டை போடுவேன் என்று மறைத்துவிட்டார்கள்.

சில வாரங்களில், சோறு வடிக்கும்போது தங்கைக்கு வலிப்பு வந்தது. கொதிக்கும் கஞ்சி வலது கை முழுக்கக் கொட்டியது.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். படித்தவள் இருக்கும் வீட்டில் மாத்திரையை எப்படி நிறுத்தினீர்கள் என்றார். அம்மாவிடம் நடந்ததைக் கேட்டு, நம்பர் வாங்கி, வராந்தாவில் நின்று ஊழியக்காரருக்குப் போன் செய்தேன். வருத்தம் தெரிவிப்பார் என்று நினைத்தேன்.

“உங்க வூட்ல நம்பிக்கை இல்லாத ஆள் ஒருத்தங்க இருக்காங்க. அதான் சுகம் நிக்கல” என்றார்.

என்னைச் சொன்னார். தோல் உரிந்து கிடந்தவள் என் தங்கை. குற்றவாளி நான்.

மறுநாள் மதியம், வலி பொறுக்காமல் தங்கை என்னை ஜெபிக்கச் சொன்னாள். எனக்கு ஜெபிக்க வராது என்றேன்.

“அழகா சொல்ல வேணாங்க்கா. மனசுல இருக்கறத சொல்லு.”

மனதில் இருந்தது கோபம் மட்டும்தான். கண்ணை மூடி, உன் பெயரைச் சொல்லி இப்படிச் செய்கிறார்களே, உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். கேட்டதும், சிறு வயதில் ஞாயிறு தோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட பைபிள் கதை நினைவுக்கு வந்தது. ஆலயத்தில் கடை விரித்தவர்களின் மேசைகளைக் கவிழ்த்து, சாட்டையோடு நின்றவர் இயேசு. அன்றைக்கு அது வெறும் கதை. இப்போது அந்த வார்டில், எனக்கு முன்பே கோபப்பட்ட ஒருவர் என் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. தங்கையின் வலியும் குறையவில்லை. ஆனாலும் பேச்சை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு தினமும் பேசினேன்.

அடுத்த வருடம் அதே ஊழியக்காரர் செந்துறைக்கு வந்தார். தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். மேடையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று நான் கேட்டதும் மைக்கைக் கொடுத்தார்கள். தங்கையின் கையைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது இயேசு அல்ல, இதோ நிற்கும் இவர் என்றேன். மைக்கை அணைத்தார்கள். நான் குரலை உயர்த்தினேன். சாத்தான் பிடித்தவள் என்று ஒருவர் கத்தினார். எங்களை வெளியே தள்ளினார்கள். ரோட்டில் ஒரு பெண் மகளோடு பின்னாலேயே வந்து, வலிப்புக்கு எந்த டாக்டர் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தலைப் பதினாலு வயதில் நான் மறுத்திருந்தேன்; இப்போது அதற்கு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தேன். ஊழியக்காரரை மன்னித்துவிடும்படி எங்கள் போதகர் சொன்னார்.

“அவரு முதல்ல என் தங்கச்சிகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கட்டுங்க ஐயா” என்றேன்.

ஆனாலும் அந்த ஞாயிறு போதகர் என்னைத் திடப்படுத்தினார். ஊழியக்காரர் இன்னும் வரவில்லை. கூட்டம் மட்டும் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.