ஆபீஸ் என்றால் மேலே தூக்கு

1. முதல் நாள்

துறைமுகத்தில் எனக்கு அது முதல் நாள். சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. கப்பலில் மரத் தடிகள் வந்திருந்தன. தடிகளைக் கட்டிய கம்பிக்கயிற்றைக் கிரேன் கொக்கியில் மாட்டினேன். மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சி தள்ளி நின்று வாயசைத்தார்.

எனக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. பேச்சு கொஞ்சம் மிஞ்சியது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அண்ணாச்சிக்கு மீசை பெரிது. மேல் உதடு தெரியாது. இருந்தாலும் ஒரு சொல் பிடிபட்டது. ஆபீஸ்.

நான் ஆபீஸுக்குப் போனேன்.

அங்கிருந்த கிளார்க் என்ன என்று கேட்டார். அண்ணாச்சி அனுப்பினார் என்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஃபேன் ஓடியது. டீ வந்தது. பாதி குடிப்பதற்குள் அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து என் முகத்துக்கு நேரே நின்றார்.

"ஏலே, ஆளக் காணும்னு அங்கன கிரேன நிறுத்திட்டு உன்னத் தேடுதோம். தடிக்கு அடியில போயிட்டியோன்னு எனக்கு உசுரே இல்ல. நீ இங்கன உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்க!"

"நீங்கதான அண்ணாச்சி ஆபீஸ்னு சொன்னிய."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். கிளார்க் சிரித்ததில் அவர் டீ மேசையில் கொட்டியது.

கப்பல் வேலையில் ஆபீஸ் என்றால் மேலே தூக்கு. ஆரியா என்றால் கீழே இறக்கு. எந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் விட்டுப்போன சொற்களோ, யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பழக்கம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மீசையக் கொஞ்சம் கத்தரிங்க அண்ணாச்சி. வாய் தெரியல" என்றேன்.

"வந்த அன்னைக்கே என் மீசையில கை வைக்கான் பாரு" என்றார்.

மீசையைக் கத்தரிக்கவில்லை. கையால் சொல்லிக்கொடுத்தார்.

2. கை

கை மூன்றுதான் முக்கியம். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் குறுக்கே நீட்டினால் நிறுத்து.

கப்பலின் அடித்தளத்தில் சரக்கு ஏறும்போது இருக்கிற சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது. அங்கே எல்லாரும் நான்தான். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்தது. கொஞ்ச காலத்தில் என்னையே சிக்னல்மேன் ஆக்கினார்கள்.

கிரேன் ஆப்பரேட்டர் ரோமால்டு. புன்னைக்காயல்காரர். கிரேனில் இருப்பவர் பதில் கை காட்ட மாட்டார். அவர் கை லீவரில் இருக்கும். நான் விரலைச் சுற்றினால் கொக்கி மேலே போகும். அதுதான் பதில். வருஷக்கணக்காக அப்படியே பழகினேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

3. பந்து

ரோமால்டுதான் என்னை ஃபுட்பால் ஆட அவர் ஊருக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் கடற்கரை மைதானத்தில் ஆட்டம். காது கேளாதோர் பள்ளியில் ஆடிய கால் எனக்கு இருந்தது. காதுதான் இல்லை. ரெஃப்ரி விசில் அடித்த பிறகும் ஓடினேன். எல்லாரும் நின்றுவிட்டார்கள். கோல் காக்கும் கோலியும் இடுப்பில் கை வைத்து நின்றார். என்ன சுலபமாக விடுகிறார்கள் என்று நினைத்துக் கோல் போட்டேன். கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றும் ஓடினேன்.

மைதானமே வாயைத் திறந்து சிரித்தது. அதைப் பார்க்கக் காது வேண்டாம்.

ஓரத்தில் நின்ற ஒருவர் வாய் தெளிவாகத் தெரிந்தது. "ஏய், நிப்பாட்டுங்கலே அவன! விட்டா தூத்துக்குடி வரைக்கும் ஓடுவான்!"

ரோமால்டு என் முன்னால் வந்து நின்று சொன்னார். "சிரிக்கட்டும்லே. விசில் இல்லாத ஆட்டமும் இருக்கு. விசாரிச்சு வச்சிருக்கேன்."

காது கேளாதோர் ஃபுட்பாலில் நடு ரெஃப்ரி கையிலும் கொடி இருக்கும். காது மெஷின் வைத்திருப்பவர்கள் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அமைதி. அதில் நான் தமிழ்நாட்டுக்கு ஆடினேன். ஸ்டாப்பர். கோலிக்கு முன்னால் நிற்கும் நடு ஆள். பிறகு ஒருநாள், இந்திய அணியில் ஒருவருக்குக் கால் முறிந்தது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பயிற்சி முகாம் முடிந்திருந்தது. நேரே விமானம்.

லீவு கேட்டுப் போனேன். "போயிட்டு வாலே" என்றார் அண்ணாச்சி. "அங்கன போயி ஆபீஸத் தேடாத."

4. அந்தக் கோல்

வெளிநாடு. குளிர். எதிர் அணியில் எல்லாரும் உயரம். பின்னால் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னே ஏறினால், பின்னால் நிற்கும் எதிராளி ஆஃப்சைடு ஆவான். அவன் போடும் கோல் செல்லாது. ஒருவன் ஏறாமல் நின்றாலும் கெட்டது.

பந்து வரப்போவது தெரிந்தது. ஏறச் சொல்லிக் கை காட்டினேன். விரல் தானாக மேலே போய்ச் சுற்றியது. தூக்கு. கூடவே நான் ஏறினேன்.

மற்ற மூன்று பேரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். அவர்கள் முகாமில் பழகியதில் அந்தக் கைக்கு 'திரும்பு' என்று அர்த்தம். பின்னால் கோலி மட்டும் நின்றார். அவர் என்ன என்று எங்களைப் பார்த்தார். பந்து எல்லாரையும் தாண்டி உள்ளே போனது. தோற்றோம்.

கோச் காது கேட்பவர். அவர் பேசுவதைக் கூட வந்த அக்கா ஒருவர் கையால் சொல்வார். கோச் நிறையப் பேசினார். அக்கா சுருக்கமாகச் சொன்னார். "உன் கை யாருக்கும் புரியல. நாளைக்கு நீ வெளியே."

மறுநாள் ஆட்டம்தான் கடைசி. அதில் இறங்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்தியச் சட்டையில் நான் ஆடிய ஒரே ஆட்டம் அந்தக் கோல் விழுந்த ஆட்டமாக இருக்கும். வேறு எதுவும் தோன்றவில்லை.

5. முட்டை

காலைச் சாப்பாட்டில் அனீஷ் என் எதிரில் உட்கார்ந்தான். லெஃப்ட் பேக். பின்னால் நிற்கும் நாலு பேரில் இடது ஓரத்து ஆள். கேரளாக்காரன். அவன் பேசுவது கையால். தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"நேத்து என்ன காட்டின?"

அவித்த முட்டையைக் காட்டினேன். அதன் மேலே விரலைச் சுற்றினேன். மறு கையால் முட்டையைத் தூக்கினேன். கப்பல், கிரேன், ஆபீஸ் எல்லாம் சொன்னேன். டீ குடித்த கதையையும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

பிறகு கேட்டான். "நீ காட்டின. நான் பாத்தேனான்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. கிரேனுக்குக் காட்டிப் பழகிய கை. கொக்கி தானே ஏறிவிடும். ஆள் அப்படி இல்லை.

மற்ற இரண்டு பேக்குகளையும் கூப்பிட்டான். மேசையில் நாலு முட்டையை வரிசையாக வைத்தோம். விரல் மேலே என்றால் வரிசை ஏறும். கீழே என்றால் இறங்கும். உள்ளங்கை என்றால் நில். நான் காட்ட வேண்டும், அவர்கள் அதையே திருப்பிக் காட்ட வேண்டும், பிறகுதான் கால் நகர வேண்டும். எனக்குப் பதில் இறங்குகிற ஸ்டாப்பரும் கூடவே பழகினான். நல்ல பையன். பஸ்ஸிலும் அதையே செய்தோம். கோச் முன் சீட்டில் இருந்தார். அவர் திரும்பவில்லை.

6. மூன்று கைகள்

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் எங்கள் ஸ்டாப்பருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கீழே உட்கார்ந்துவிட்டான். கோச் பெஞ்சைப் பார்த்தார். அவர் பார்வை என் முகத்தைத் தாண்டிப் போய் வேறு ஒருவனிடம் நின்றது.

மைதானத்துக்குள் அனீஷ் கையைத் தூக்கி ஆட்டினான். என்னைக் காட்டினான்.

கோச் தலையை ஆட்டினார். வேண்டாம்.

நான் எழுந்து கோட்டு ஓரத்தில் நின்றேன். விரலை மேலே நீட்டிச் சுற்றினேன். அனீஷ் விரலைச் சுற்றினான். ரைட் பேக் சுற்றினான். இன்னொரு பேக்கும் சுற்றினான். உட்கார்ந்திருந்த ஸ்டாப்பரும் வலியோடு சுற்றினான். விரலைக் கீழே காட்டினேன். நாலு கையும் கீழே வந்தன. உள்ளங்கையை நீட்டினேன். நாலும் நீண்டன.

கோச் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே என்னை உள்ளே போகச் சொன்னார்.

கடைசியில் அதே மாதிரி ஒரு பந்து வந்தது. விரலைச் சுற்றினேன். காத்திருந்தேன். மூன்று கையும் எழுந்தன. ஏறினோம். எதிராளி எங்களுக்குப் பின்னால் தனியாக ஓடிக் கோல் போட்டுக் கையைத் தூக்கினான். ஓரத்தில் கொடி மேலே நின்றது. நடு ரெஃப்ரியின் கொடியும் எழுந்தது. ஆஃப்சைடு.

ஜெயித்தோம். அதன் பிறகு முழங்கால் போகும்வரை இந்தியாவுக்கு ஆடினேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். சொல்லிவிட்டேன் என்று நகராதே. அவன் திருப்பிச் சொல்லட்டும். காது இருப்பவர்களுக்கும் இதுதான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு வந்த பயிற்சி முகாமின் முதல் காலை கோச் எங்கள் முன் வந்து நின்றார். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினார். எங்கள் எல்லார் கையும் நீளும்வரை அப்படியே நின்றார். பிறகுதான் வாயைத் திறந்தார்.