மணி அடிக்காமல் காத்திருந்த பாக்கெட்டுகள்

டிரைவர் எழுதும் தொழிலில் இருப்பவர்களை, வேலை ஒழுங்காக நடக்கிறவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் கூடவே வரட்டும் என்றுதான் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பெண் என்ன வேலை பார்க்கிறாள்?

என்னைப் பெண் பார்க்க பூதலூருக்கு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு என் வேலையைப் பற்றிப் பெருமை அதிகம், விவரம் கம்மி. "பாப்பா தஞ்சாவூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில டிரைவர் எழுதுது" என்றார். கேசரியில் கவனமாக இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா நிமிர்ந்தார். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவர் விஷயம் புரிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன்.

சித்தப்பா மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "எழுதுறது கிடக்கட்டுங்க, எட்டு போட்டுப் பாஸ் பண்ணிருச்சா?"

சம்பளம் எதற்கு

எங்கள் அலுவலகம் ஓர் உரக்கடைக்கு மேல் மாடி. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே பல குட்டிக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கி, ஆஸ்பத்திரி, கடை, கல்லூரி என்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோம். குட்டிக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் தகவல் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் போகும். அவற்றை வாங்கிப் பெரிய கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிற நிரலுக்குப் பெயர்தான் டிரைவர். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டிரைவர் 'மணி' அடித்துப் பெரிய கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால், அது ஒவ்வொரு முறையும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வரவேண்டும். அதனால் பின்னால் இன்னும் பாக்கெட் வருகிறது என்று தெரிந்தால் டிரைவர் பேசாமல் அடுக்கி வைக்கும். கடைசிப் பாக்கெட் வந்ததும் ஒரே ஒரு மணி. எல்லாம் மொத்தமாகக் கிளம்பிவிடும். வேகம் பல மடங்கு கூடிவிடும்.

புதிதாக வந்த மேலாளர் வெங்கடேசனுக்கு இதை நான் பலகையில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப, உடனே செய்யாம தள்ளிப்போடுறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்னு சொல்லுங்க."

சிஸ்டரின் போன்

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உப்பளத்துக்காரர்கள் வந்துபோகும் ஒரு சின்ன மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். அங்கே நர்ஸ் சகாயமேரி ஈசிஜி எடுத்து அனுப்பினால், அது எங்கள் கம்ப்யூட்டர் வழியாகத் தஞ்சாவூரில் இருக்கும் இதய டாக்டரின் செல்லுக்கு வரும். ஒருநாள் காலை மாரிமுத்து என்ற உப்பளத் தொழிலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். சிஸ்டர் ஈசிஜி அனுப்பிவிட்டார். 'அனுப்பியாயிற்று' என்று திரையும் சொல்லிவிட்டது. டாக்டருக்கு மட்டும் வரவில்லை. நல்லவேளை, சிஸ்டர் காத்திருக்கவில்லை. போனில் டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி, மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸில் நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. நிதானமான குரலில் சொன்னார்: "மேடம், அடுத்தாளுக்கு நெஞ்சு வலிச்சாத்தான் முன்னாடி ஆளோட ஈசிஜி போவுது."

நஸ்ரினின் கேள்வி

எங்கள் டெஸ்டர் நஸ்ரினும் நானும் உட்கார்ந்தோம். மாரிமுத்து பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் டிரைவரின் நிரலை வரி வரியாகப் படிப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். டிரைவரை எழுதியவர் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டார். நஸ்ரின் எவ்வளவு பாக்கெட்டை அள்ளி விட்டாலும் சோதனையில் எல்லாம் ஒழுங்காகப் போயின. அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது: "அக்கா, கடைசியா வர்றது கெட்டுப்போன பாக்கெட்டா இருந்தா?"

அங்கேதான் இருந்தது. ஈசிஜியின் பாக்கெட்டுகளை மணி அடிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறது டிரைவர். கடைசியாக வேறொரு நிரலிலிருந்து அளவு மீறிய பாக்கெட் ஒன்று வந்திருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தது சரிதான்; ஆனால் எறிந்த கையோடு, மணி அடிக்கும் இடத்துக்கே வராமல் வேறு வழியாக வெளியேறிவிட்டது. முன்னால் வந்தவை அத்தனையும் யாராவது கூப்பிடுவார்கள் என்று அப்படியே கிடந்திருக்கின்றன. அடுத்த நோயாளியின் ஈசிஜி வந்து மணி அடித்ததும்தான் இரண்டும் சேர்ந்து கிளம்பியிருக்கின்றன. எறிந்தாலும், காத்திருப்பவர்களுக்காக மணி அடித்துவிட்டுப் போ என்று ஒரு வரி சேர்த்தோம். நஸ்ரின் அதே கெட்ட பாக்கெட்டைக் கடைசியில் விட்டுப் பார்த்தாள்; எல்லாம் போயின. மத்தியானம் சிஸ்டரிடமிருந்து சேதி வந்தது: மாரிமுத்துவுக்கு அடைப்பு எடுத்தாயிற்று, பேசுகிறார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நஸ்ரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்த வரியாக்கா! இதைப் பெருசா காட்டுறதுக்கு எழுத்தையாவது பெருசு பண்ணுவோமா?"

லைனுக்கு வைத்தியம்

அறுவடை முடிந்திருந்த சமயம், நானும் கணவரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். அப்படியே அந்த மருத்துவமனையையும் எட்டிப் பார்த்தோம். சகாயமேரி சிஸ்டர் குரலைவிட உருவத்தில் சின்னவர். மாத்திரை வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டி, "இவருதான்" என்றார். மாரிமுத்துவுக்கு நான் யார் என்று தெரியாது. சிஸ்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "வெயிலா இருக்கு, உக்காருங்கம்மா" என்று நகர்ந்து இடம் விட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிஷங்கள் எனக்குப் போதுமானதாக இருந்தன.

கிளம்பும்போது சிஸ்டர் விடவில்லை. என்னைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்து அனுப்பினார். நான் எழுந்து உட்காருவதற்குள் டாக்டர் போனில் வந்துவிட்டார்: எல்லாம் நார்மல், எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "இவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர், லைனுக்குத்தான் எடுத்தேன்."

இப்போதெல்லாம் யாராவது என் உத்தியோகம் என்னவென்று கேட்டால் 'மணி அடிப்பது' என்று சொல்லிவிடுகிறேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிறார்கள்.