முள் காட்டிய வெளிச்சம்

அந்தப் புகைப்படக்காரரைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணளவு என்றால்தான் தெரியும். வெளிச்சத்தை எந்தக் கருவியும் வைத்து அளக்கமாட்டார். கண்ணை இடுக்கி ஒரு பார்வை பார்ப்பார், கேமராவின் வளையங்களைத் திருகுவார், முடிந்தது. படம் கச்சிதமாக விழும். அதில் அவருக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. தலையணை உறை போதாமல் பெரிதாகத் தைக்கவேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அதே தெருவின் மறுகோடியில் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் கழுத்தில் எந்நேரமும் வெளிச்சம் அளக்கிற லைட் மீட்டர் ஒன்று தொங்கும். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. முன்பக்கம் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி, மேலே எண்கள், அவற்றின்மேல் ஒரு முள். பேட்டரி கிடையாது, கண்ணாடியில் வெளிச்சம் பட்டாலே முள் நகரும். அது நிற்கும் எண்ணைப் பார்த்துத்தான் மனிதர் படம் எடுப்பார். “என்னப்பா, முள்ளு பர்மிஷன் குடுத்துச்சா?” என்று நாலு பேர் நடுவில் கண்ணளவு கேட்பார். அந்தக் கேலியிலேயே முள்ளுக்காரர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பாவம், ஒரு நாள்கூட அவர் கோபப்பட்டதில்லை. சிரித்துக்கொண்டே கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொள்வார்.

முள்ளுக்காரர் போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவருடைய மீட்டரை அவர் மனைவியிடம் போய் வாங்கி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நம்ம கண்ணளவுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. கொஞ்ச காலமாகவே அவர் எடுக்கிற படங்கள் வெளுத்து வந்தன. “என்ன சார், நெகட்டிவெல்லாம் தார் பூசின மாதிரி வருது? நெகட்டிவ் கறுத்தா படம் வெளுக்கத்தானே செய்யும்? வெளிச்சத்த அள்ளிக் கொட்டுறீங்களே” என்றார் ஃபிலிம் கழுவித் தருகிறவர். கண்ணளவு அவருடைய மருந்துத் தண்ணீரைக் குறை சொன்னார். பிறகு ஃபிலிமைக் குறை சொன்னார். கேமராவையே பிரித்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஆல்பத்தை மேசையிலேயே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கண்ணளவு மீட்டர் வாங்கினார் என்று தெரிந்தால் தெருவே சிரிக்குமே! அதனால் முள்ளுக்காரர் மனைவியிடம், “அவர் ஞாபகமா வச்சுக்கறேன் தங்கச்சி” என்றார். வாய் கூசாமல் சொன்னார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வற்புறுத்தித் தந்த பணத்தை வாங்கிக்கொண்டு, கயிற்றோடு எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டூடியோக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, திருட்டுத் தின்பண்டம் தின்பவர் மாதிரி மீட்டரை வெளியே எடுத்தார். ஜன்னலோர நாற்காலியைக் கண்ணால் அளந்தார்; பிறகு மீட்டரால் அளந்தார். இங்கே வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, அவர் கேமராவுக்குள் விட நினைத்ததில் கால்வாசி போதும் என்றது முள். மூலைக்குப் போனார், அங்கேயும் அதே கதை. சரி, பழைய சாமான், எங்கேயோ கோளாறு என்று முடிவுகட்டினார். கண்ணாடியை உள்ளங்கையால் மூடினார். முள் அடக்கமாகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. சாய்த்தார், கவிழ்த்தார், லேசாகத் தட்டினார். முள் எங்கேயும் சிக்கவில்லை. தேன்கூட்டைப் பஞ்சுத்துணியால் துடைத்தார். மீட்டரில் ஃபிலிமின் வேக எண் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்ப அளந்தால் திரும்பவும் கால்வாசி.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இந்த ரக மீட்டர் வயதானால் சோர்ந்துபோய், வெளிச்சத்தைக் குறைத்துத்தான் காட்டும். இதுவோ அவர் கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கூட்டிக் காட்டியது. அப்படி ஒரு கிழட்டு மீட்டரைத் தொழிலில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கண்ணளவுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். அதை யோசிக்கத் தொடங்கினால் எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்று பயந்து, யோசிக்காமல் விட்டார். யோசிப்பதற்குப் பதிலாகக் கோபப்பட்டார். அதுதானே சுலபம்.

கோபம் ஆறுவதற்குள் முள்ளுக்காரர் வீட்டுக்குப் போய் நின்றார். கூடத்துச் சுவர் முழுக்க அந்த மனிதர் எடுத்த படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன.

“தங்கச்சி, இது செத்த மீட்டர். கண்டபடி காட்டுது.”

“அப்படியா அண்ணா? கடைசி வரைக்கும் அதுலதானே அளந்து எடுத்தாரு?”

“எடுத்திருப்பாரு. எல்லாம் குத்துமதிப்பு.”

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ இந்தப் படமெல்லாம் சரியில்லையா?”

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீறாப்பு விடுமா? பக்கத்தில் இருந்த ஒரு படத்தை விரலால் தட்டி, “இதையே பாருங்க, முகமே தெரியல” என்றார். அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மீட்டருக்குக் கொடுத்த பணத்தை உள்ளேயிருந்து எடுத்து வந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீட்டரோடு திரும்பினார். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டார்.

மீட்டர் தப்பு என்று தனக்குத் தானே நிரூபித்துவிட்டால் நிம்மதி என்று, நல்ல வெயில் நாளாகப் பார்த்து மொட்டைமாடிக்கு ஏறினார். மேகமில்லாத உச்சி வெயிலுக்குப் புகைப்படக்காரர்களிடம் ஒரு மனப்பாடக் கணக்கு உண்டு. அதற்குக் கண்ணும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். எந்த ஃபிலிமுக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மீட்டரை நீட்டினார். முள் மயிரிழை பிசகாமல் அந்தக் கணக்கிலேயே போய் நின்றது. கையை எடுத்துவிட்டு இன்னொரு முறை நீட்டினார். அங்கேயேதான் நின்றது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள். “நல்லாருக்கு! பட்டப்பகல்ல எல்லா லைட்டையும் போட்டுட்டு உக்காந்திருக்கற ஆளு வெளிச்சத்த அளக்கறாரா? வீட்டு பல்பு அத்தனையும் மங்கலா எரியுதுன்னு மாத்தினீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க இது வீடா நாடகக் கொட்டகையான்னு கேக்கறாங்க.”

கண்ணளவு கொடிப் பக்கம் திரும்பினார். கொடியில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். விரிப்பு பழுப்பாகத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினார். புகை மண்டினாற்போல் இருந்தது.

“இந்த விரிப்பு என்ன நிறம்?” என்று கேட்டார்.

“இது என்ன கேள்வி? பளிச்சுன்னு வெள்ளை. இப்பதான் நீலம் போட்டு அலசினேன்.”

கண்ணளவு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் புரை விழுந்தது பெரிதாக உறைக்கவில்லை, அதற்கு வைத்தியம் இருக்கிறது. அந்தச் சுவரைக் கைகாட்டிப் பேசிய பேச்சுதான் உறைத்தது. செத்துப்போன மனிதரை உயிரோடிருக்கும்போது கேலி செய்தது போதாதென்று, போன பிறகும் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று கிளம்பினார். ஆனால் நடக்க நடக்க உண்மை தேய்ந்துகொண்டே வந்தது. தெருமுனை திரும்பும்போது, மீட்டருக்குள் ஒரு சின்னத் திருகு தளர்ந்திருந்ததாகவும் தானே முடுக்கிவிட்டதாகவும் கதை தயாராகிவிட்டது. மானமும் மிஞ்சும், அந்த அம்மாள் மனசும் ஆறும்.

கூடத்துச் சுவர் காலியாக இருந்தது. சட்டங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளிர்ச் சதுரங்களாகத் தெரிந்தன. கண்ணளவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“கழட்டிட்டீங்களா?”

“நீங்க சொன்னப்புறம் பாக்கப் பிடிக்கல. அவரு எப்பவும் சொல்வாரு அண்ணா, கண்ணளவு சொன்னா சொன்னதுதான்னு. அந்த மாதிரி கண்ணு எனக்கு அமையல, அதனாலதான் மீட்டரத் தூக்கிட்டு அலையறேன்னு சொல்லிச் சிரிப்பாரு.”

இதைக் கேட்ட பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். “இல்ல தங்கச்சி, ஒரு திருகுதான் சும்மா கிடந்ததுல லூசா இருந்துச்சு. முடுக்கிட்டேன். இப்ப முள்ளு சரியா நிக்குது” என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ முன்னாடி எடுத்ததெல்லாம் சரியாத்தான் இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடி, ஒரு படத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். “இதப் பாத்துச் சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க, நல்லா வந்திருக்கா?”

பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. படத்தைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், கையில் ஏதோ கறுப்பாக. அதற்குமேல் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பதிலுக்காக வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது யாரு தங்கச்சி?” என்று கேட்டார்.

“நீங்கதான் அண்ணா” என்றாள். “கேமராவ வச்சுக்கிட்டு, கண்ண இடுக்கி வெளிச்சம் பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாம எடுத்தாராம். தான் எடுத்ததுலயே இதுதான் ரொம்பப் பிடிக்கும்னு சொல்வாரு. அன்னிக்கு நீங்க முகமே தெரியலன்னு சொன்னது இதத்தான்.”

கண்ணளவு சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“திருகெல்லாம் ஒண்ணும் லூசாகல தங்கச்சி. பொய் சொன்னேன். மீட்டர் அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. படத்துலயும் குத்தம் இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல.”

அவள் படத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். அவர் நின்ற இடத்திலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். அந்தச் சதுரம் கொஞ்சம் கறுத்தது மட்டும் தெரிந்தது.