பாவுக்கு அடியில் ஒரு பிரசவம்

பிரசவம் பார்க்கிற வேலைக்கு வந்தவளுக்குத் தூக்கம் என்பது அவசரக்கார விருந்தாளி மாதிரி, வந்தாலும் உட்காராது. இதே தொழிலில் இருக்கும் சகோதரிகள் இப்போதே தலையாட்டுவீர்கள். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் மிட்வைஃப். அந்த ஊரில் பாதியை நான் அரைத்தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். கோபுரங்கள் தரையைத் தொடாமல் நிற்கும். தறிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

எனக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. யார் கூப்பிட்டாலும் "இதோ, ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வேன். சொல்லும்போது முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். அவர் என் முகத்தைப் பார்க்கிறவர் இல்லை, காலைப் பார்க்கிறவர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வாசிக்காத வசனம்

நெசவாளி ஏகாம்பரத்தின் மனைவி சரோஜாவுக்கு வீட்டிலேயே இரண்டாவது பிரசவம் நடந்து, இரண்டாவது குழந்தையும் தங்கவில்லை. செய்தி கேட்டு நான் போனேன். பையில் வேதாகமம் இருந்தது. ஆறுதலுக்கு ஒரு வசனத்தையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சரோஜா. குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி, ரவிக்கை முழுக்க ஈரம். அதைப் பார்த்ததும் வசனம் எனக்கு மறந்தே போனது. உண்மையைச் சொன்னால், வாயைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். துணியால் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டு, சிக்குப் பிடித்த தலையையும் வாரிவிட்டேன். கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் அடுத்தது பொறக்கும்னு சொல்லிட்டுப் போறாங்கம்மா. நீங்க ஒருத்தங்கதான் இந்தப் பாலுக்கு இன்னா பண்றதுன்னு பாத்தீங்க."

குதிரைக்குத் தெரிந்தது

மறுவருஷம் சரோஜா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் இதுவும் தங்காது என்று எங்கள் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நான் அடிக்கடி அவளைப் போய்ப் பார்த்துவந்தேன். பாஷா பாயின் ஜட்கா வண்டியில்தான் போவேன். ஒரு நாள் மத்தியானம் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். கனவில் யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டினார்கள். மல்லிகை வாசம் வந்தது, பிறகு சாம்பிராணி, பிறகு மறுபடி மல்லிகை.

கண் விழித்தால் வெயில் தாழ்ந்திருக்கிறது, வண்டி இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. பாய் என்னை எழுப்ப மனமில்லாமல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களையே வலம் வந்துகொண்டிருந்தார்! எனக்கு வந்ததே கோபம். நேரத்தைப் பாழாக்கிவிட்டீரே என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுன்னு இந்தக் குதிரைக்கே தெரியுது, நர்ஸம்மா. அந்தப் பொண்ணுக்கு வலி வந்தா சொல்லியனுப்புங்க, அன்னிக்குப் பறக்கச் சொல்றேன்" என்றார்.

மாமியாரின் நிபந்தனை

சரோஜாவின் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிள்ளையின் தலையில் தண்ணீரைத் தெளித்துக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவோம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "நான் பிள்ளைக்கு ஊற்றுகிற ஒரே தண்ணீர் குளிப்பாட்டுகிற வெந்நீர்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. சரோஜா தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. பேசாமல் அவள் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே பிள்ளை மெதுவாகப் புரண்டது.

நான் ஜெபம் செய்கிறேன் என்று மாமியாருக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, இட்டுக்கினு போ. உங்க சாமிகிட்ட சொல்லி வெய்யி. எங்கள ஒண்ணும் மாத்த வேணாம், புள்ளைய மட்டும் குடுக்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை

அன்று காலை ஆராதனையில் வேத வாக்கியம் வாசிக்கிற முறை என்னுடையது. வெள்ளைப் புடவை கட்டிக் கிளம்பும்போது வாசலில் பாஷா பாயின் வண்டி வந்து நின்றது. சரோஜாவுக்கு வலியாம். "இதோ, ஆண்டவரே" என்றேன். முகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சரோஜா வீட்டுத் தெருமுனைக்கு மேல் வண்டி போகவில்லை. அன்று ஏகாம்பரம் வீட்டுப் பாவு போடுகிற நாள். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைக் கஞ்சியில் நனைத்துத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். பாவு போட ஒரு வீட்டு ஆட்கள் போதாது, தெருவே கூடிவிடும். விடியற்காலையிலேயே வலி எடுத்தும், ஆண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்களே என்று சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். கஞ்சி ஏறி முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாளாம். இப்போது ஈரத்தோடு சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு அத்தனை பட்டும் போய்விடும். சுருட்டாவிட்டால் குறுகலான அந்தத் தெருவில் சரோஜாவை வண்டிவரை தூக்கிப்போகக் கட்டிலுக்கு வழி இல்லை.

"தூக்குங்கப்பா!" என்றான் ஏகாம்பரம். இழைகளுக்கு அடியில் மூங்கில் கழிகளைக் கொடுத்து ஆளுக்கு ஒரு பக்கமாகப் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் சரோஜாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வெயில் அரக்குப் பட்டின் வழியே இறங்கி, எல்லார் முகமும் சிவந்து தெரிந்தது. கஞ்சித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் வெள்ளைப் புடவையில் விழுந்தது. இது நடக்கிறதா, நான்தான் மறுபடி தூங்கிவிட்டேனா என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது. சரோஜா போட்ட அலறலில் தெளிந்தேன். பிள்ளை இனிமேல் காத்திருக்காது.

நடுத்தெருவில் கட்டிலை இறக்கச் சொல்லி, பக்கத்தில் முழங்கால் போட்டேன். பெண்கள் புடவைகளைப் பிரித்துச் சுற்றிலும் மறைத்தார்கள். கழி பிடித்தவர்களை அசையக் கூடாது என்றேன். கை தளர்ந்தால் ஈரப் பாவு முழுவதும் சரோஜா மேல் விழும். கட்டிலுக்கு நேராகக் கழி பிடித்திருந்தவன் ஏகாம்பரம்தான். அவன் கண்ணை மேலே பட்டிலேயே ஊன்றிக்கொண்டான்.

பிள்ளை வந்தது. அழவில்லை. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலில் தட்டினேன். ஆண்டவரே, இந்த ஒன்றையாவது கொடும் என்று எனக்குள் கெஞ்சினேன். பிறகு அந்தச் சிறுக்கி மூக்கைச் சுளித்தாள். வீல் என்று ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள்! மாமியார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

தூக்கிய கையை இறக்காமல், நிமிர்த்திய முகத்தைத் தாழ்த்தாமல், தாடை வழியே கண்ணீர் வழிய ஏகாம்பரம் கேட்டான்: "நர்ஸம்மா, நான் இப்ப கீழ பாக்கலாமா?"

எங்கள் தொழிலில் இருப்பவளுக்கு ஆராதனைக்கு நேரத்தோடு போய்ச் சேரும் பாக்கியம் இல்லைதான், ஆனால் முழங்கால் போட மட்டும் எப்படியோ நடுத்தெருவிலாவது இடம் கிடைத்துவிடுகிறது.